வெண்ணெய் நம்ம கையிலதான் இருக்கு
(தருமபுரி செவிலியர் தின கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மேடையில இருக்கற டீன் ஐயா, இணை இயக்குநர் மேடம், பந்தோபஸ்து வேலைய விட்டுட்டு வந்த டிஎஸ்பி சார், ஹால் வாடகைய ஏத்துக்கிட்ட ரோட்டரி தலைவர், அப்புறம் நர்சிங் சூப்பிரண்டு அம்மா, கடைசியா சொல்றேன்னு முறைக்காதீங்கம்மா, உங்களுக்குத்தான் பெரிய வணக்கம்.

தடயவியல் நர்சிங், அதாவது அடிபட்டு வர்றவங்களுக்கு வைத்தியம் பாக்கும்போதே கேஸுக்கு வேண்டிய தடயத்தையும் பத்திரமா எடுத்து வைக்கற வேலை, அதப் பத்தி வரலாறு, படிப்பு, சட்டம்னு மூணும் பேசச் சொன்னாங்க. அமெரிக்காவுல 1970கள்லயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்கள பரிசோதிக்க நர்சுங்களுக்கு தனியா ட்ரெய்னிங் குடுத்தாங்க, 1992ல மினியாபொலிஸ்ல 70க்கும் மேல நர்சுங்க ஒண்ணா கூடி இதுக்குன்னே சர்வதேச சங்கம் ஆரம்பிச்சாங்க, வர்ஜீனியா லிஞ்ச்தான் முதல் தலைவர், 1995ல அமெரிக்க நர்சஸ் அசோசியேஷன் தனி ஸ்பெஷாலிட்டினு ஒத்துக்கிச்சு. நம்ம ஊர்ல? வெண்ணெய கையில வச்சிக்கிட்டு நெய்க்கு அலையறோம்!

ஒண்ணு சொல்றேன், ஆஸ்பத்திரி பேரு வேணாம். நைட் டியூட்டி, கத்திக்குத்து கேஸ், சட்டையெல்லாம் ரத்தம். அவசரத்துல கத்தி இறங்குன ஓட்டை மேலயே கத்தரிய விட்டு கிழிச்சாச்சு, ஆள் பொழச்சிட்டாரு, சந்தோஷம். காலைல இன்ஸ்பெக்டர் வந்து சட்டை எங்கம்மான்னாரு. எங்களுக்கு எங்க தெரியும்? பக்கெட்ட பாக்கறோம், கட்டிலுக்கு அடியில குனியறோம், அந்த மனுசன் குப்பைத்தொட்டிய லத்தியால கிளர்றாரு, தொப்பிய என் கையில குடுத்துட்டு! அப்ப நம்ம ஆயாம்மா வந்து, "சார், நல்ல துணியா இருந்துச்சு, சோப்பு போட்டு அலசி மாடியில காய வச்சிருக்கேன்"னு சொல்லுது. சிரிக்கறீங்க, கோர்ட்ல தடயமா காட்ட வேண்டிய சட்டைங்க அது, அங்க யாரும் சிரிக்கலைங்க.

ஆயாம்மாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன், யாரு சொல்லிக் குடுத்தா அதுக்கு? ஓட்டைய தொடாம தள்ளி வெட்டணும், ஈரத்துணிய நிழல்ல காய வச்சி பேப்பர் கவர்ல போடணும், பிளாஸ்டிக்ல போட்டா பூஞ்சை புடிச்சிடும், யாரு குடுத்தா யாரு வாங்குனான்னு எழுதி கையெழுத்து வாங்கணும். அரை நாள் கிளாஸுங்க இது. அடிபட்டவங்கள முதல்ல தொடறதே நாமதான், வெண்ணெய் நம்ம கையில!

சட்டத்துக்கு வரேன். பாலியல் வன்கொடுமை கேஸ்ல போலீசுக்கு தகவல் கிடைச்ச 24 மணி நேரத்துக்குள்ள பாதிக்கப்பட்ட பொண்ண டாக்டர்கிட்ட அனுப்பணும்னு இருக்கு. நல்லது. ஆனா ராத்திரி 2 மணிக்கு பென்னாகரத்துலயோ அரூர்லயோ அந்தப் பொண்ணு பக்கத்துல யாரு உக்காந்திருப்பா? நர்சுதானே? அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கும் இந்த ட்ரெய்னிங் எடுத்த நர்சு, ஷிஃப்டுக்கு ஒருத்தர், அலவன்ஸோட. இணை இயக்குநர் மேடம் குறிச்சிக்கறாங்க, பாத்துட்டேன்.

படிப்பு பத்தி பேசலையேன்னு கேக்கறீங்க, பெல் அடிச்சிட்டாங்க. இதைக் கேட்டு எழுதுன மனு வாசல் டேபிள்ல இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடியே கையெழுத்து போட்டுடுங்க, சாப்ட்டப்புறம் யாரும் நிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.