மாத்திரை போடுகிறவரும் விசுவாசிதான்

தலைமை ஏற்றிருக்கும் பேராயர் ஐயா அவர்களே, சபையின் ஆயர் அவர்களே, ஆயரம்மா அவர்களே, ஓடியாடிக் கூட்டத்தை ஒழுங்குசெய்த வாலிபர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, உங்கள் எல்லாருக்கும் இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். பேராயர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் என் மனசு கேட்காது. மனச்சோர்வையும் அதற்கான மாத்திரையையும் பற்றித் திருச்சபை மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்கியபோது, "பேசாமல் இருந்தது போதும்" என்று அனுமதி கொடுத்தவர் அவர். நன்றி ஐயா.

மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன். மனச்சோர்வைப் பற்றி வேதம் என்ன காட்டுகிறது, மாத்திரையை நாம் எப்படிப் பார்க்க வேண்டும், வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்யலாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மனச்சோர்வு வராதவர்கள்தான் அதற்கு உடனே காரணம் கண்டுபிடிக்கிறார்கள். ஜெபம் போதாது, மறைவான பாவம் இருக்கும், சோர்வின் ஆவி பிடித்திருக்கிறது. சரி, வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசிக்கு எந்த ஜெபம் போதவில்லை? கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனிதர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொண்டானா? இல்லை. தூங்கவிட்டான். தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரை மறுபடி எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அவ்வளவுதான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அவர் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், அது இருளிலேயே முடிகிறது. அதையும் நமக்கு வேதமாகத் தந்தவர் தேவன்தானே?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் ஐயரின் பெயரைச் சொல்லாத பிரசங்கியார் உண்டா? 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய அரங்கில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ "தீ!" என்று பொய்யாகக் கூச்சலிட்டார்கள். நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. வீட்டில் பிறந்து ஒரு மாதமான இரட்டைக் குழந்தைகள். அந்த அடியிலிருந்து அவர் முழுவதுமாக மீளவே இல்லை. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவருக்கு வந்து வந்து போனது. அதை அவர் பிரசங்க பீடத்திலேயே ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல இங்கே யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பாடகர் குழுவில் பாடுகிறவர். பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லை, பசியில்லை, கைக்குழந்தை அழுதாலும் எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவரிடம் போனார், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். சில வாரங்களில் முகம் தெளிந்தது, மறுபடி பாட வந்தார். ஆனால் அந்த மாத்திரை அட்டையை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? பாட்டுப் புத்தகத்தின் ஜிப் உறைக்குள், கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில். மாமியார் பார்த்துவிடக் கூடாது, பக்கத்தில் நின்று பாடுகிறவர்களும் பார்த்துவிடக் கூடாது. ஒருநாள் எழுப்புதல் கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஊழியக்காரர் ஒருவர் வந்தார். "உங்களில் யாரோ மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், விசுவாசம் இருந்தால் இன்றைக்கே தூக்கி எறியுங்கள்" என்றார். கூட்டம் அல்லேலூயா என்றது. இந்தச் சகோதரியும் சொன்னார். அன்று ராத்திரியே அட்டையைக் குப்பையில் போட்டார். இரண்டொரு நாளில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு, கண்ணை மூடினால் கெட்ட கனவு. திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் காட்டும். அவருக்கோ அது பிசாசின் போராட்டமாகத் தெரிந்தது! உபவாசம் எடுத்தார். அப்புறம் பழைய இருட்டு திரும்பி வந்தது. "நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும்" என்று அவர் சொன்ன அன்று, அதே மாமியார்தான் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். இன்றைக்கு அந்தச் சகோதரி நன்றாக இருக்கிறார், பாடுகிறார். அந்த ஊழியக்காரருக்கு இது எதுவும் தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மூப்பரை யாரும் விசுவாசக் குறைவு என்பதில்லை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித்தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். வாக்குத்தத்தம் இருந்தது, மருந்தும் இருந்தது. பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர்தான்.

மாத்திரை பாவத்தை மன்னிக்காது, ஜெபத்துக்குப் பதிலாகவும் நிற்காது. எல்லாத் துக்கத்துக்கும் மாத்திரை வேண்டியதில்லை. லேசான சோர்வுக்குப் பல நேரம் மனநல ஆலோசனையே போதும். வேண்டும் என்று மருத்துவர் முடிவுசெய்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் குமட்டல் வரலாம், தூக்கம் கெடலாம். இளவயதினரைத் தொடக்கத்தில் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தற்கொலை எண்ணம் கூடக்கூடும். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருத்துவர் அம்மா தலையசைக்கிறார்கள், எனக்கு அது போதும்.

வீட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றதை இன்னொரு நாள் பேசுவோம். நான் முக்கியமாகக் கேட்க வந்தது வேறு.

நம் சபையில் ஒரு தீர்மானம் வேண்டும். இந்த மேடையில் நிற்கும் எவரும், உள்ளூர்க்காரரோ விருந்தினரோ, மருந்தை நிறுத்து என்று சொல்லக் கூடாது. பேச அழைக்கும் கடிதத்திலேயே அதை எழுதிவிட வேண்டும். ஜெபிக்க வருகிறவரிடம், "மருத்துவரைப் பார்த்தீர்களா, நான் கூட வரட்டுமா?" என்று கேட்கும் இரண்டு பேரை ஒவ்வொரு ஜெபக்குழுவிலும் பயிற்சி கொடுத்து வைக்க வேண்டும். இதை நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன், கிடைக்கும்வரை கேட்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஐயாமாரே.

தீர்மானம் எழுதிய தாள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேராயர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பிறகு மூப்பர்கள் வரிசையாக வந்து கையெழுத்திடுங்கள்.