நூறு மீட்டர் சுவர் நிற்கட்டும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிரிந்து சேர்ந்த ஊரில், பிரித்த சுவரின் மிச்சத்தை இடித்துத் தள்ளுவதா, நிற்க விடுவதா? இதுதான் தலைப்பு. நிற்க விட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "புண் ஆறட்டும் ஐயா, காலையில் கதவைத் திறந்ததும் அந்தக் காங்கிரீட்டில் முழிக்க வேண்டிய தலையெழுத்து அந்த ஜனங்களுக்கு எதற்கு?" என்று கேட்டு கைதட்டல் வாங்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த ஊர், எந்த ஜனங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. நான் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் பவேரியா மாநிலமும் துரிங்கியா மாநிலமும் உரசிக்கொள்ளும் இடத்தில் இருக்கிற மோட்லாராய்ட். மொத்தமே சுமார் 50 பேர்தான், நம்ம ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக்கூட ஆள் காணாது.

ஊருக்கு நடுவே டான்பாக் என்று ஒரு ஓடை ஓடுகிறது. கால் நனையாமல் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். 1810-ல் அந்த ஓடையோரமாக எல்லைக் கல் நட்டார்கள். இந்தப் பக்கம் பவேரிய ராஜ்ஜியம், அந்தப் பக்கம் ரோய்ஸ் என்ற சின்ன சமஸ்தானம். ராஜாக்களுக்குத்தான் அது எல்லை, ஊர்க்காரர்களுக்கு வெறும் ஓடை. பள்ளிக்கூடமும் சத்திரமும் துரிங்கியா கரையில், கும்பிடப் போகிற தேவாலயமோ பவேரியா பக்கம் பக்கத்து ஊரான டோப்பனில். அதனால் பவேரியா கரைப் பிள்ளை படிக்க ஓடையைத் தாண்ட வேண்டும், துரிங்கியா கரைக் கிழவி ஜெபிக்க ஓடையைத் தாண்ட வேண்டும், இரண்டு கரை ஆம்பளைகளும் பீர் குடிக்க ஒரே மேஜைக்கு வந்தாக வேண்டும். கொண்டான் கொடுத்தான் உறவு, நல்லது கெட்டது எல்லாமே ஓடையைத் தாண்டித்தான். முதல் உலகப்போர் முடிந்து மன்னராட்சி ஒழிந்தபோதும் இதில் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் துரிங்கியா ரஷ்யர்கள் கைக்கும் பவேரியா அமெரிக்கர்கள் கைக்கும் போனது. 1949-ல் இரண்டு ஜெர்மனி, துரிங்கியா கிழக்கு ஜெர்மனியில், பவேரியா மேற்கு ஜெர்மனியில். எங்கோ பெரிய தலைநகரங்களில் போட்ட கோடு, இங்கே ஒரு வாய்க்காலைப் போய் இரண்டு நாடுகளுக்கு எல்லையாக்கிவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அனுமதிச் சீட்டைக் காட்டிப் போய்வந்தார்கள். 1952 மே மாதக் கடைசியில் கிழக்கு ஜெர்மன் அரசு ஒரு ஆணை போட்டது பாருங்கள், எல்லையை ஒட்டி 5 கிலோமீட்டர் தடைப் பகுதி, அதற்குள் 500 மீட்டர் காவல் பட்டை, அதற்கும் உள்ளே எல்லையை ஒட்டினாற்போல் உழுது போட்ட 10 மீட்டர் மண், யாராவது மிதித்தால் கால்தடம் தெரிய வேண்டும் என்பதற்காக. அடுத்த மாதமே, நம்பிக்கைக்கு உரியவர்கள் இல்லை என்று முத்திரை குத்தி, எல்லை நெடுக ஆயிரக்கணக்கான குடும்பத்தாரை சட்டி பானையோடு லாரியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலைக்கு அதிகாரிகள் மத்தியில் புழங்கிய பெயர் 'பூச்சி ஒழிப்பு'. மனுஷனைச் சொன்ன வார்த்தை நடுவர் அவர்களே.

மோட்லாராய்ட்டில் முதலில் ஆள் உயரத்துக்குப் பலகை வேலி. பிறகு முள்கம்பி. 1966-ல் காங்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், 3 மீட்டருக்கு மேல் உயரம். ராத்திரி முழுக்க விளக்கு எரியும். பெர்லின் சுவர் உலகத்துக்கே தெரியும், இந்தச் சுவர் தெரிந்தவர்களும் ஊரை 'குட்டி பெர்லின்' என்றே கூப்பிட்டார்கள். பெர்லினில் லட்சக்கணக்கான பேர், இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் பேர் சொல்லித் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் தம்பிக்கு யார் இருமுகிறார் என்று விளங்கும். மேற்குக் கரைக்காரர் கொஞ்சம் மேட்டில் நின்றால் சுவருக்கு மேலே கிழக்குக் கரை வீடுகள் தெரியும், கையசைக்கலாம். கிழக்குக் கரைக்காரர் பதிலுக்குக் கையசைக்கக் கூடாது, தடை. அண்ணன் கையாட்டுகிறான், தம்பி தலையைக் குனிந்துகொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறான். ஒரு நாள் இரண்டு நாள் கதை இல்லை, வேலி வந்த 1952-லிருந்து 1989 வரை 37 வருஷம். இத்தனை காலத்தில் இந்தச் சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒரே ஒருவர்தான், 1973-ல் ஏணி வைத்து ஏறிக் குதித்தார்.

சரி, எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். இவ்வளவு கொடுமை செய்த சுவரை ஏன் வைத்திருக்க வேண்டும்?

1989 நவம்பர் 9-ல் பெர்லின் சுவர் திறந்தது, மோட்லாராய்ட்டில் ஒரு மாசம் கழித்து டிசம்பர் 9-ல்தான் நடந்துபோக ஒரு வழி விட்டார்கள். அடுத்த வருஷம் 1990 ஜூன் 17, மண்வெட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவரை இடித்தார்கள். அந்தத் தேதியைக் கவனியுங்கள், 1953-ல் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் கொதித்தெழுந்ததும் ரஷ்ய டாங்கிகள் அடக்கியதும் அதே ஜூன் 17. 600 மீட்டர் போனது. சுமார் 100 மீட்டரை விட்டுவைத்தார்கள். அதே 1990-லேயே அருங்காட்சியகத்துக்கான சங்கமும் தொடங்கியாயிற்று. அதாவது, சுவர் விழுந்த புழுதி அடங்குவதற்குள், அதில் இடி வாங்கிய மண்ணிலேயே, ஒரு துண்டு இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரன் யோசனையாக இருந்தால் எதிரணியோடு சேர்ந்து நானும் எதிர்த்திருப்பேன்.

"புண் ஆறட்டும்" என்றாரே, இடித்தால் ஆறுமா என்பதை பெர்லினில் பாருங்கள். அங்கே 1990-ல் ஒரே வேகத்தில் பெரும்பகுதியை வழித்து எடுத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சில வருஷத்தில் என்ன ஆயிற்று? சுவர் எங்கே இருந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே காட்ட முடியவில்லை. கடைசியில் நகரின் நடுப்பகுதித் தெருக்களில் சுவர் போன தடத்தில் இரட்டை வரிசையாகக் கல் பதித்தார்கள். அதன் மேல் கார் ஓடுகிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத கல் வரிசையைக் காட்டி, இதைத் தாண்டப் போய் உங்கள் தாத்தா காலத்துப் பையன்கள் சுடப்பட்டுச் செத்தார்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு உறைக்கும்? மோட்லாராய்ட்டில் அப்படி இல்லை. சுவருக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினால் போதும். அண்ணாந்து பார்க்கும், பின்னால் திரும்பி அந்தத் துக்குணி ஓடையைப் பார்க்கும், "இதுக்கா இவ்ளோ பெரிய சுவர்?" என்று அதுவே கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே துரிங்கியாவில் பில்முட்ஹவுசன் என்று ஒரு சிற்றூர் இருந்தது. எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததுதான் அது செய்த குற்றம். ஜனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பி, தேவாலயத்தை இடித்து, 1978-ல் மிச்ச வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே இருப்பது கல்லறைத் தோட்டமும் ஒரு நினைவிடமும்தான். இடிப்பவனுக்கு எப்போதுமே தடயம் இல்லாமல் போவதுதான் வசதி, எதிரணி அறியாமலே அந்த வசதியைச் செய்துகொடுக்கச் சொல்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, "ஊர் முழுக்கக் காட்சிப் பொருளாகிவிட்டது, பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், 50 பேர் நிம்மதியாக இருக்க வேண்டாமா?" என்றார். வருத்தம் உண்மை, இதற்கு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும், எங்கள் அணி மறுக்கவில்லை. வண்டிகளை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள், நேரம் வைத்து விடுங்கள். அதற்காகச் சுவரை எடுத்துவிட்டால் ஊர் ஒன்றாகிவிடுமா? இன்றைக்கும் அந்த ஊருக்கு இரண்டு மேயர், பவேரியா கரை டோப்பனில் சேர்த்தி, துரிங்கியா கரை அந்தப் பக்கத்து ஊரான கெஃபெல்லில் சேர்த்தி. அஞ்சல் குறியீடு வேறு, போன் குறியீடு வேறு, வண்டி நம்பர் பலகை வேறு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவுகூட வேறு வேறு மாநிலக் கணக்கு. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிற பிரிவு, ஓடையைத் தாண்டிப் போய் பக்கத்து வீட்டில் உட்கார யாரையும் அது தடுக்கவில்லை. இந்தப் பிரிவுக்கும் அந்தப் பிரிவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த ஊர்ப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்றால் அந்த நூறு மீட்டர் கண்ணெதிரே இருந்தாக வேண்டும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். தலைக்கு மேலே அந்தக் காங்கிரீட் நின்றபோது கையசைக்கக்கூட விடாமல் வைத்திருந்தார்கள் என்று நாம் சொல்ல, நாளைக்கு ஒருவன் வந்து, "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவே இல்லை, சும்மா ஒரு வேலிதான் இருந்தது" என்று சொன்னால், அவனை எங்கே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவீர்கள்? அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பேசச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.