சுடாமல் விட்டதுதான் ஞாபகம் இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறுவயதில் கைக்கு வந்த முதல் துப்பாக்கி மனதில் விட்டுச் செல்வது பெருமிதமா, நிதானமா? இதுதான் தலைப்பு. நிதானமே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசும்போது, “துப்பாக்கியைத் தொட்ட அன்றைக்கே நான் ஆம்பிளை ஆகிவிட்டேன்” என்றார். நல்ல கைத்தட்டல். எனக்கும் பதினோரு வயதில் ஒரு ஏர்கன் வந்தது நடுவர் அவர்களே. நான் என்ன ஆனேன் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்!

வாங்கி வந்தவர் என் பெரியப்பா. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை வைத்து நிமிர்த்தினால் தயார். குண்டு சுமார் அரை கிராம்தான் இருக்கும். ஆனால் பெரியப்பா முதலில் என் கையில் கொடுத்தது ஏர்கன் இல்லை, ஒரு குச்சி. “இதுதான் உன் துப்பாக்கி. ஏழு நாள் கையை விட்டு இறங்கக் கூடாது. நுனி ஒரு ஆள் பக்கம் திரும்புச்சுன்னா, மறுபடி முதல் நாள்.” மூன்றாம் நாள் அண்ணன் சீண்டினான், குச்சி அவன் மூக்குக்கு நேரே நின்றது. முதல் நாள். ஐந்தாம் நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன், என்னோடு குச்சியும் திரும்பியது. முதல் நாள். அந்த ஏழு நாளைக் கடக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இதில் பெருமிதம் எங்கே இருக்கிறது? மானம் போனதுதான் மிச்சம்.

எதிரணியில் சாலிம் அலியை இழுத்தார்கள். பறவை மனிதர், சிறுவனாக ஏர்கன் வைத்திருந்தவர், ஆகவே பெருமிதம் என்றார்கள். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதியை நான் சொல்கிறேன். அந்தப் பையன் ஒரு குருவியைச் சுட்டான். விழுந்ததை எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் தீற்று. இது சாதாரணக் குருவி இல்லையே என்று மாமாவிடம் கொண்டு போனான். அவருக்கும் தெரியவில்லை, அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். அங்கிருந்துதான் அந்த வாழ்க்கை திரும்பியது. அவர் மனம் வருந்தி அழுதார் என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். ஆய்வுக்காகப் பிற்காலத்திலும் பறவைகளைச் சுட்டவர்தான். ஆனால் 1985-இல் தன் வரலாற்றை எழுதியபோது எதன் பெயரை வைத்தார்? துப்பாக்கியின் பெயரையா? ‘ஒரு குருவியின் வீழ்ச்சி’ என்று வைத்தார் ஐயா! சுட்டது நொடி வேலை. குனிந்து எடுத்துப் பார்த்ததுதான் எண்பது வயதுக்கு மேலும் நின்றது.

இன்னொருவர், அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட். சிறுவயதில் அப்பா ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார், கூடவே ஒரு தடையும் போட்டார். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடக் கூடாது, பறக்கும்போதுதான் சுட வேண்டும். இவருடைய நாயோ பறவையை மரத்தில் ஏற்றி நிறுத்துவதில் கெட்டிக்காரன். கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுட்டால் விழும். சுடவில்லை. பறந்த பிறகு சுட்டால் விழவில்லை. இரண்டு வேட்டைப் பருவம் ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லையாம். அதைத்தான் தன்னுடைய முதல் அறப் பயிற்சி என்று அவர் எழுதி வைத்தார். பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத காட்டில் விரலை அடக்கிய பையன் நடுவர் அவர்களே! எதிரணியில் யாராவது அப்படி இரண்டு பருவம் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்களா?

புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் பெயரையும் சொன்னார்கள். அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கி இரட்டைக் குழல், குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற ரகம். வலது குழல் விரிசல் விட்டிருந்தது. யாரோ அளவுக்கு மீறி மருந்து திணித்ததன் பலன். கட்டையும் உடைந்து, பித்தளைக் கம்பியால் கட்டியிருந்தது. அவசரக்காரன் என்ன ஆவான் என்பதை அந்தத் துப்பாக்கியே உடம்பில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. இது எங்கள் அணிச் சாட்சி, தவறி அந்தப் பக்கம் போய்விட்டது.

“2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது பெருமிதம் இல்லையா?” என்று கேட்டார்கள். நாட்டுக்குப் பெருமிதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். இன்றைய விதிப்படி தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 75 நிமிடம். ஒரு குண்டுக்குச் சராசரியாக 75 விநாடி. விசை இழுக்க அதில் எவ்வளவு ஆகும்? மீதி நேரமெல்லாம் மூச்சு அடங்கக் காத்திருப்பது, சரியில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. பெரியப்பாவின் குச்சிக் கணக்குதான்.

என் ஏர்கன் கதையை முடித்துவிடுகிறேன். தகர டப்பா, புட்டி மூடி என்று நூற்றுக்கணக்கில் சுட்டிருப்பேன். எதுவும் ஞாபகம் இல்லை. ஒருநாள் டப்பாவைக் கருங்கல் சுவரை ஒட்டி வைத்தேன். குறி தப்பியது. குண்டு கல்லில் பட்டுத் திரும்பி என் காதோரம் ‘விர்ர்’ரென்று போனது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் பெரியப்பா நசுங்கிய ஈயத்தை மண்ணிலிருந்து பொறுக்கினார், சுவரைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். திட்டவில்லை. ஏர்கனைப் பரணில் வைத்துவிட்டு, அந்தக் குச்சியைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே வரி. போன மாதம் என் மகன் ஏர்கன் வேண்டும் என்றான், குச்சி கொடுத்திருக்கிறேன். நேற்று ஆறாம் நாள், என் வயிற்றைக் குறிபார்த்தான். இன்றைக்கு முதல் நாள். நன்றி, வணக்கம்.