தேவாங்கின் வழி கிளைவழி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். வாழிடம் இழந்து தவிக்கும் காட்டுயிர்களை மீட்டு மறுவாழ்வு அளிப்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். யானையையும் சிறுத்தையையும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள் என்பதால், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் முட்காடுகளிலும் தோட்ட வேலிகளிலும் வாழ்கிற தேவாங்கைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

தேவாங்கின் எடை ஏறக்குறைய கால் கிலோதான். பகலெல்லாம் அடர்ந்த புதரில் ஒன்றையொன்று அணைத்தபடி உறங்கி, இருட்டிய பிறகே இரை தேடப் புறப்படும். குரங்கினத்துக்குத் தூரத்து உறவு என்றாலும் அதற்கு வெளியில் தெரியும் வால் இல்லை, தாவவும் இயலாது. பிடித்த கிளையை விடாமலே அடுத்த கிளையை எட்டிப் பற்றி, மெல்ல நடந்தே இரவு முழுவதும் உணவு தேடுகிறது. ஆகவே, ஒரு வேலியில் பத்தடி இடைவெளி விழுந்தாலும், அது தரையில் இறங்கி, நாய்களின் கண்ணுக்குத் தப்பி மறுபுறம் சேர்ந்தாக வேண்டும். திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலை போன்ற அகன்ற சாலை குறுக்கிட்டால், அதைக் கடக்கும் தேவாங்கு பிழைப்பது அரிது.

இவ்வட்டாரத்தின் பழைய உயிர்வேலிகள் இவ்விலங்குக்கு வீடாகவும் வழியாகவும் இருந்தன. கிளுவை, கள்ளி, இடையிடையே வேம்பும் புளியும் என்று அடர்ந்து நின்ற வேலிகளை அகற்றிக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தபோது, காடழிப்புக் கணக்கில் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் தேவாங்கு நடந்த பாதை அறுந்துபோயிற்று. பூச்சிமருந்து அதன் இரையையும் குறைத்தது. இத்துடன், சூனியத்துக்கும் கண் மருந்துக்கும் உதவும் என்ற கொடிய மூடநம்பிக்கையால் பிடிக்கப்பட்டவையும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள இவ்விலங்கைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு என்பதைக் கேட்போர் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

மீட்பைப் பற்றி ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேவாங்குத் தாய், குட்டி சில வாரங்கள் வளர்ந்ததும், அதைக் கிளையொன்றைப் பற்றிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். அய்யலூர்ப் பகுதியில் 1990களின் இறுதியில் ஆய்வு செய்த அன்னா நெக்காரிஸ் போன்றோர் இதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இரவில் தனித்திருக்கும் குட்டியைப் பார்த்துத் தாயற்றது என்று எண்ணி இரக்கத்தோடு எடுத்து வருகிறவர்கள், உண்மையில் அதைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். காயமோ உடனடி ஆபத்தோ இல்லையென்றால், விளக்கை அணைத்துவிட்டு விலகி வந்துவிடுவதே அக்குட்டிக்குச் செய்யும் பேருதவி.

அடிபட்டதாக இருந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், பற்றிக்கொள்ள ஒரு குச்சியுடன் இருட்டாக வைத்து, உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாழைப்பழமும் பாலும் தர வேண்டாம். எறும்பும் கரையானும் பிற பூச்சிகளுமே அதன் முதன்மை உணவு. கூட்டமாகச் சூழ்ந்து செல்பேசி வெளிச்சத்தில் படமெடுப்பது, இருளுக்கென்றே அமைந்த அந்தப் பெரிய கண்களுக்குப் பெருந்துன்பம். உடல்நலம் தேறியதும், பிடிபட்ட இடத்துக்கு அருகிலேயே, பொழுது சாய்ந்த வேளையில் விட வேண்டும். எங்கோ தொலைவில் ஒரு காட்டில் விட்டுவிடுவது பெருந்தன்மையாகத் தோன்றலாம். அறியாத இடத்தில் உறங்கும் புதரையும் இரை கிடைக்கும் மரத்தையும் அது புதிதாகத் தேடியாக வேண்டும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே. மனமார வரவேற்கத்தக்க செயல். எனினும் சரணாலய எல்லைக்கு வெளியே, உழவர்களின் நிலங்களிலும் தேவாங்குகள் வாழ்கின்றன. அங்கே வேலி அறுந்தே கிடந்தால், மருத்துவம் பார்த்து நாம் திருப்பி விடும் தேவாங்கு மீண்டும் அதே சாலைக்குத்தான் இறங்கும்.

கம்பிவேலி போட்ட உழவர்களை நான் குறை கூறவில்லை. உயிர்வேலியைக் கழித்துப் பராமரிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்களின் உண்மையான சிரமம். கம்பியை ஒட்டியே கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டியெடுத்த கிளைத் துண்டுகளை, நடலாம். அவை எளிதில் வேர்பிடிக்கும், வறட்சியையும் தாங்கும். போத்துகளை இலவசமாக வழங்கி, நட்ட உழவருக்குப் பராமரிப்புக் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் வரும் ஐப்பசி மழைக்கு முன்பாகவே அதைத் தொடங்கலாம்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.