லாட்ஜ் என்றாரே தம்பி, அதற்கு வருகிறேன்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, மாரியம்மன் கோயில் விழாக் குழுவினரே, மணி பத்தரை ஆன பிறகும் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். இன்னும் நாலு பேருக்கு வணக்கம் பாக்கி இருக்கிறது. எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம் என்பதால் அவர்களுக்கு இறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறேன்.

மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் தேவையா, தேவையில்லையா? இதுதான் தலைப்பு. தேவை என்று பேசும் அணியில் நான் இருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விழாக் குழுச் செயலாளர் போன் செய்து, "சார், எந்த அணி வேணும்?" என்று கேட்டார். "எந்த அணிக்கு முதல் பந்தி?" என்று கேட்டேன். இந்த அணிக்கு என்றார். வந்துவிட்டேன். கத்தரிக்காய்க் கூட்டு, வடை, பாயசம் எல்லாம் போட்டார்கள். இவ்வளவையும் சாப்பிட்டவனை மேடையில் ஏற்றி, தூக்கம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்?

எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். இரண்டு அடி அடித்தார். முதல் அடி, பாரதியார். "ஓடி விளையாடு பாப்பா, நீ ஓய்ந்திருக்க லாகாது பாப்பா என்று பாடிய மண்ணில் பிள்ளையைப் படுக்கப் போடுகிறீர்களே" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இரண்டாவது அடி, "மத்தியானம் தூங்குவதற்கு ஃபீஸ் கட்டுகிறீர்களே, நீங்கள் பிள்ளையைச் சேர்த்தது பள்ளியிலா, லாட்ஜிலா?" என்று கேட்டார். அதற்கு விசில் பறந்தது. லாட்ஜுக்குப் பிறகு வருகிறேன். லாட்ஜை விடமாட்டேன்.

முதலில் பாரதி. தம்பி, அந்தப் பாட்டில் முதல் வரியோடு எழுந்து வந்துவிட்டீர்கள். அதே பாட்டில், "காலை எழுந்தவுடன் படிப்பு, பின்பு கனிவு கொடுக்கும் நல்ல பாட்டு, மாலை முழுதும் விளையாட்டு" என்று ஒரு கால அட்டவணையே போட்டிருக்கிறார். காலைக்குச் சொன்னார், மாலைக்குச் சொன்னார். மத்தியானத்துக்கு? ஒரு வார்த்தை இல்லை. ஏன்? மத்தியானம் பாப்பா தூங்கிக்கொண்டிருக்கிறாள் ஐயா! எழுப்பிவிடக் கூடாது என்று மகாகவி அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே!

இப்போது என் கதை. என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தது 2019-ல். நான் அரசு நடுநிலைப் பள்ளி வாத்தியார். அந்த வருடம் ஜனவரியில்தான் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. என் பள்ளி வளாகத்திலும் தொடங்கியது. ஆனால் நான் என் மகளை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அது தனிப் பட்டிமன்றம், அதற்கு நான் வரமாட்டேன்.

பள்ளியின் பெயர் வேண்டாம். காலை ஏழரைக்கு வேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்றிலிருந்து மூன்று வரை ரைம்ஸ், அப்புறம் எழுத்துப் பயிற்சி. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் டைரியில் சிவப்பு மையில் வந்தது: 'உங்கள் மகள் தினமும் வகுப்பில் தூங்குகிறாள். தந்தை நேரில் வரவும்.' பிள்ளைக்கு மூன்றே முக்கால் வயது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார்கள்!

அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். முதல்வர் அறைக்கு வெளியே ஒரு சோபா. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்படி ஒரு சோபா. தலைக்கு மேலே ஃபேன். எதிரே மீன் தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். அது இந்தப் பக்கம் போகும். திரும்பி அந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம்... போகும். அந்தப் பக்கம்... வ...

வந்ததா என்று எனக்குத் தெரியாது.

"சார்... சார்..." என்று குரல் கேட்டுக் கண்ணைத் திறக்கிறேன். முதல்வர் அம்மா நிற்கிறார். கையில் அந்த டைரி. பக்கத்தில் என் மகள். முகமெல்லாம் ஈரம். தூங்கினால் குழாயடிக்குக் கூட்டிப் போய் முகம் கழுவி விடுவார்களாம். அந்த ஈர முகத்தோடு என் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "அப்பா, தூங்காத. டைரில எழுதிடுவாங்க."

இது நான் சொல்கிற கதை. இதையே என் வீட்டம்மா சொன்னால், நான் எச்சில் வடித்ததும் சேர்ந்துகொள்ளும். என் மாமியார் சொன்னால் இன்னும் ஒரு படி மேலே. நான் விட்ட குறட்டையில் யு.கே.ஜி. பிள்ளைகள் பயந்து அழுதார்களாம். கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் ஏன் ஓடுகிறது என்று வாட்ச்மேன் அணைக்கப் போனாராம். மாமியார் அன்றைக்கு அந்த ஊரிலேயே இல்லை! அவர் கும்பகோணத்தில் இருந்தார். இருந்தாலும் என் கதையைவிட அவர் கதைக்குத்தான் எங்கள் சொந்தக்காரர்களிடம் மதிப்பு.

முதல்வர் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? டைரியை மூடினார். "பரவாயில்ல சார், கிளம்புங்க. பாப்பாவுக்கு இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சு."

சிரிக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வி. முப்பத்தெட்டு வயதுக்காரன், வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன், சாப்பாட்டுக்கு மேலே ஒரு மீனைப் பத்து நிமிடம் பார்க்க முடியவில்லை. மூன்றே முக்கால் வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் கரும்பலகையைப் பார்க்க வேண்டுமா?

நடுவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, கொஞ்சம் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை மட்டுமே சொன்னான் என்று தீர்ப்பில் எழுதுவார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. நம் வீட்டில் என்ன நடக்கிறது? சீரியல் முடிந்து பிள்ளை படுக்கும்போது மணி பத்தரை. வேனுக்காக ஆறரைக்கு எழுப்புகிறோம். எட்டு மணி நேரம். குறைந்த பட்சக் கணக்கிலேயே இரண்டு மணி நேரம் பாக்கி. அந்தப் பாக்கியை வசூல் பண்ணத்தான் தூக்கம் மத்தியானம் வந்து கதவைத் தட்டுகிறது. நாம் முகத்தில் தண்ணீர் அடிக்கிறோம்.

"தூங்கினால் படிப்பு போச்சு" என்றார் தம்பி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013-ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நினைவு வைக்கும் விளையாட்டு. மத்தியானம் தூங்கிய நாளில் நினைவில் நின்றது, தூங்க விடாத நாளில் கழன்றது. அன்றைக்கு ராத்திரி தூங்கியும் அது திரும்பி வரவில்லை. காலையில் டீச்சர் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்ததை உள்ளே பூட்டி வைப்பதே அந்த மத்தியானத் தூக்கம்தான். பின்லாந்தில் கைக்குழந்தைகளைப் பனிக் குளிரில் தள்ளுவண்டியோடு வெளியே நிறுத்தித் தூங்க வைக்கிறார்கள். நாம் ஏ.சி. வகுப்பு கட்டிவிட்டுத் தூங்காதே என்கிறோம்!

தம்பி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். ஐந்து வயதை ஒட்டிச் சில பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் தானாகவே நின்றுவிடும். அவர்களைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் கிரிக்கெட் நடக்கும். அந்தப் பிள்ளையிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வையுங்கள். தூங்குகிற பிள்ளையை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்களா ஐயா? எழுப்புகிற மணியா, முடிக்கிற மணியா? இரண்டே நிமிடம். லாட்ஜ் பாக்கி இருக்கிறது.

தம்பி, நான் பதினைந்து வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பட்டிமன்றம் பேசுகிறவன். என்னிடம் லாட்ஜைப் பற்றிப் பேசலாமா? தலையணையில் முந்தின ஆளின் எண்ணெய் வட்டமாக இருக்கும். வாளிக்குக் காது இருக்காது. ஃபேனுக்கு இரண்டே வேகம், நிற்கும் இல்லையென்றால் பறக்கும். விடிகாலை ஐந்து மணிக்குக் கதவை இடித்து, "சார், காபி சொன்னீங்களா?" என்பான். சொன்னது பக்கத்து ரூம்! இதுதான் லாட்ஜ். அங்கே யாராவது உங்களைத் தட்டித் தூங்க வைத்திருக்கிறார்களா தம்பி?

என்னைத் தட்டித் தூங்க வைத்திருக்கிறார்கள். 1985-ல், எங்கள் ஊர் பால்வாடியில். எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் அம்மாக்கள் நாலு மணிக்கு எழுந்து, உலை வைத்து, விடியும்போது நடவுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எழுந்தால் நாங்களும் எழுந்துவிடுவோம், ஒரே பாய்தானே. சோறும் பருப்பும் சாப்பிட்டு முடிப்பதற்குள் தலை தட்டில் விழும். ஆயாம்மா தரையைத் துடைத்து, கோரைப்பாய் விரித்து, மேற்கு ஜன்னலில் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். வெயில் சாக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் வாசனையோடு வரும்.

இருபத்திரண்டு பிள்ளைகள். ஆயாம்மாவுக்குக் கை இரண்டு. வலது கை ஒரு பிள்ளை முதுகில், இடது கை ஒரு பிள்ளை முதுகில். யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை தூளியில் கிடக்கும், அந்தத் தூளிக் கயிறு ஆயாம்மாவின் கால் பெருவிரலில். கை நின்றால் கண் திறக்கும். அதனால் நிற்காது. அந்தக் கையில் வெங்காயமும் விறகுப் புகையும் மணக்கும். இன்றைக்கும் எங்காவது விறகடுப்புப் புகை வந்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை. என் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன், "ஓ" என்றார், அதுவும் மரியாதைக்குத்தான். வாத்தியார், பட்டிமன்றம், டி.வி.யில் ஒரு தடவை வந்தது, எல்லாம் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், "பால்வாடில உங்ககிட்ட தூங்குனவன் ஆயாம்மா" என்றேன்.

முகம் என் பக்கம் திரும்பியது. கை என் சட்டையைத் தேடி வந்து காலரைப் பிடித்தது. "சட்டைக் காலரைச் சப்பிக்கிட்டே தூங்குவியே, அவனா? செவுத்துப் பக்கம் போட்டாத்தானப்பா தூங்குவ?"

பெயர் மறந்துவிட்டது. எந்தப் பக்கம் போட்டால் தூங்குவேன் என்பது நாற்பது வருடமாக அந்தக் கிழவிக்கு நினைவிருக்கிறது. எந்த லாட்ஜ் ரிஜிஸ்டரில் தம்பி இதை எழுதி வைப்பார்கள்?

இன்னும் இரண்டு ஆதாரம் எழுதி வந்தேன். வேண்டாம். ஐயா, முன் வரிசையில் பாருங்கள். பச்சைப் புடவை கட்டிய அந்த அம்மா மடியில் ஒரு பிள்ளை. நான் மைக்கைப் பிடித்தபோது பலூன் வேண்டும் என்று அழுதது. மீன் கதைக்குச் சிரித்தது, நான் பார்த்தேன். இப்போது பலூன் கயிறு மணிக்கட்டில் கிடக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். அந்த அம்மா கை முதுகில் தட்டிக்கொண்டே இருக்கிறது, நான் சொன்னது எதையும் அவர் கேட்கவில்லை.

மைக் செட் அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. நடுவர் ஐயா, தீர்ப்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள். நான் உட்காருகிறேன். யாரும் கைதட்டாதீர்கள்.