செசபீக் கரையில் நண்டு கேக் தேடி

நேயர்களுக்கு வணக்கம்.

முள்கரண்டியின் நுனி பட்டதும் உதிர வேண்டும். ஆனால் தட்டிலிருந்து வாய்க்கு வந்து சேரும்வரை உதிராமல் இருக்க வேண்டும். நல்ல நண்டு கேக்குக்கு நான் வைத்திருக்கும் இலக்கணம் இவ்வளவுதான். கேக் என்றதும் இனிப்பை நினைத்துவிட வேண்டாம். நண்டுச் சதையோடு முட்டை, மயோனைஸ், சிறிது கடுகு விழுது, ஒரு பிடி உப்பு பிஸ்கட் தூள் சேர்த்து, உருண்டையாகப் பிடித்து, அனலில் வாட்டியோ எண்ணெயில் பொரித்தோ எடுக்கிற பண்டம் இது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தின் அடையாளமே இதுதான். அந்த மாநிலத்தின் பால்டிமோர் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். கிடைத்த விடுமுறை நாளிலெல்லாம் நண்டைத் தேடியே ஊர் ஊராகப் போயிருக்கிறேன்.

மேரிலாந்து, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களுக்கு ஊடாகச் செசபீக் விரிகுடா சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் கடலின் உப்பு நீரும் அங்கே கலக்கின்றன. அந்தக் கலங்கிய உவர்நீரில் வளர்வதுதான் நீல நண்டு. 1896இல் மேரி ராத்பன் என்ற விலங்கியல் அறிஞர் அதற்குக் காலிநெக்டஸ் சாப்பிடஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கமும் லத்தீனும் கலந்த அந்தப் பெயருக்குச் சுவை மிகுந்த அழகிய நீச்சல்காரன் என்று பொருள். ஓர் உயிருக்கு அறிவியல் பெயர் வைக்கும்போதும் அதன் ருசியை மறக்காத அந்த அம்மையாரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீச்சல்காரன் என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. நண்டின் கடைசிக் கால் இணை துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். அந்தத் துடுப்பை அசைக்கிற தசை, உடலுக்குள் இரண்டு பெரிய வெள்ளைக் கட்டிகளாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நண்டுக்கு இரண்டே இரண்டு கட்டிகள்தாம். உணவகத்தில் ஜம்போ லம்ப் என்று எழுதியிருந்தால் அது இந்தச் சதையைத்தான் குறிக்கும். விலை ஏன் அவ்வளவு என்பதும் அப்போது விளங்கிவிடும். அடுத்த தரம் லம்ப், அதற்கு அடுத்தது பேக்ஃபின். கொடுக்கிலிருந்து எடுக்கும் பழுப்புச் சதை எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் சுவை அதில் அழுத்தமாக இருக்கும். சூப்புக்கு அதைவிட நல்லது இல்லை என்பேன்.

நான் முதன்முதலில் சாப்பிட்ட நல்ல நண்டு கேக், பால்டிமோரின் லெக்சிங்டன் சந்தையில் உள்ள ஃபெய்ட்லி கடையில் கிடைத்தது. சந்தை 1782இல் தொடங்கியது. கடை 1886 முதல் நடக்கிறது. மீன் வாடையும் இரைச்சலும் நிறைந்த கடை அது. உட்கார நாற்காலி இல்லை. உயரமான மேசை அருகே நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். காகிதத் தட்டில் ஒரு பெரிய உருண்டை, பக்கத்தில் இரண்டு உப்பு பிஸ்கட். அவ்வளவுதான். பிட்டதும் வெள்ளைக் கட்டிகள் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தன. அவற்றை எது ஒட்டி வைத்திருந்தது என்று தேடிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியவில்லை. நண்டின் இயல்பான இனிப்பு, ஓரத்தில் ஒரு துளி கடுகுக் காரம், பிறகு மறுபடியும் இனிப்பு. அன்று அந்த மேசையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மோசமானவற்றை அடையாளம் காணக் கற்றுக்கொண்டேன். மேற்புறம் வட்டமாக, மழமழவென்று ஒரே சீராக இருந்தால் ரொட்டித் தூள் அதிகம் என்று பொருள். நல்ல கேக் மேடும் பள்ளமுமாக, கரடுமுரடாக இருக்கும். சதைக் கட்டிகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். குடைமிளகாய், வெங்காயத் துண்டுகளைக் கண்டால் நான் சந்தேகப்படுவேன். இரண்டும் நல்ல காய்கள்தாம், ஆனால் இந்த மென்மையான சதைக்குப் பக்கத்தில் அவை சத்தம் போடுகின்றன. வாட்டியதா, பொரித்ததா என்று கேட்டால் வாட்டியது என்றே சொல்லுங்கள். எண்ணெயில் எல்லாமே ருசிக்கும். அதனால் பொரித்ததில் நண்டின் குறை தெரியாமல் போய்விடும்.

ஒருமுறை கடலைப் பார்த்த ஓர் உணவகத்தில் உள்ளூர் நண்டு என்று எழுதியிருந்ததை நம்பி உட்கார்ந்தேன். வந்த கேக்கில் இனிப்பும் இல்லை, கடல் வாசமும் இல்லை. ஈரப் பஞ்சைத் தின்பதுபோல் இருந்தது. எந்தத் துறையில் பிடித்த நண்டு என்று கேட்டேன். பரிமாறியவருக்குத் தெரியவில்லை, மேலாளர் பேச்சை மாற்றினார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இது என் ஒருவனின் அனுபவம் இல்லை. 2015இல் ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு, அந்தப் பகுதியில் உள்ளூர் நண்டு என்று விற்ற 90 நண்டு கேக்குகளை வாங்கி மரபணுச் சோதனை செய்தது. அவற்றில் 38 சதவீதத்தில் இருந்தது வேறு இன நண்டு. பெரும்பாலும் ஆசியக் கடல்களிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் நம் கடலும் கதைக்குள் வருகிறது. பாக் நீரிணையில் வலையில் அகப்படும் நீலக்கால் நண்டை, ஓலைக்கால் நண்டு என்றும் சொல்வார்களே, அதை அவித்துச் சதையெடுத்து டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அந்த நண்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை அதன் சொந்தப் பெயரிலேயே விற்கட்டும். மேரிலாந்து அரசு 2012இல் ட்ரூ ப்ளூ என்ற திட்டத்தைத் தொடங்கி, உள்ளூர் நண்டுச் சதையைப் பயன்படுத்தும் உணவகங்களுக்கு ஒரு முத்திரை கொடுத்தது. வாசலில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் எங்கே பிடித்தது என்று கேட்பேன். கேள்வியைக் கேட்டு மகிழ்கிற கடையில் உட்காருவேன்.

அந்தச் சதைக்குப் பின்னால் இருக்கும் கைகளையும் சொல்லியாக வேண்டும். நண்டின் கட்டியை உடையாமல் எடுக்கிற வேலை இன்றும் சிறு கத்தியோடு கையால்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் விரிகுடாக் கரையின் கறுப்பினப் பெண்கள் பெருமளவில் இந்த வேலையைச் செய்தார்கள். இப்போது மேரிலாந்தின் ஹூப்பர்ஸ் தீவு போன்ற இடங்களுக்கு மெக்சிகோப் பெண்கள் பருவகால விசாவில் வருகிறார்கள். விசா குறைந்த ஆண்டுகளில் சில பட்டறைகள் திறக்கவே முடியாமல் போகின்றன. ஓட்டுச் சில்லு ஒன்றுகூடப் பல்லில் படாத கேக்கைச் சாப்பிடும்போது அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன்.

எப்போது போவது? மேரிலாந்தில் நண்டுப் பருவம் ஏப்ரலில் தொடங்கி நவம்பர்வரை நீள்கிறது. கோடையில் கூட்டம் அலைமோதும். என்னைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர்தான். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது நம் பழமொழி. செசபீக்கில் நேர்மாறு: குளிர்காலத்துக்காகக் கொழுத்த நண்டு, நீர் குளிர்ந்ததும் சேற்றுக்குள் புதைந்து படுத்துவிடும். அப்படிப் புதைவதற்கு முந்தைய வாரங்களில் சதை ஓடு முட்ட நிறைந்திருக்கும்.

அந்த நாள்களில் கேக்கை விட்டுவிட்டு முழு நண்டையே கேளுங்கள். டஜன் கணக்கில் ஆவியில் வேகவைத்து, மேசைமேல் பழுப்புக் காகிதம் விரித்து அப்படியே கொட்டுவார்கள். மேலே செங்காவி நிறத்தில் மசாலாப் பொடி அப்பியிருக்கும். ஓல்ட் பே என்ற பெயரில் உலகறிந்த பொடியை உருவாக்கியவர் குஸ்தாவ் புருன்; நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியிலிருந்து பால்டிமோருக்கு வந்த யூதர், 1939இல் அங்கே மசாலாத் தொழில் தொடங்கினார். ஒரு மரச் சுத்தியல், ஒரு கத்தி, இரண்டு கைகள் போதும். நண்டைத் திருப்பி அடிவயிற்று மடலைப் பாருங்கள்: ஒல்லியான தூண்போல் இருந்தால் ஆண், அகன்ற கவிகைபோல் இருந்தால் வளர்ந்த பெண். அந்த மடலைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்து, மேலோட்டைப் பிரித்து, இருபுறமும் உள்ள செவுள்களைக் கிள்ளி எறிய வேண்டும். பிறகு உடலை இரண்டாக ஒடித்துத் துடுப்புக்காலைப் பிடித்து மெல்ல இழுத்தால், ஜம்போ லம்ப் என்று விலை பேசினார்களே, அந்தக் கட்டி முழுதாகக் காலோடு வரும். முதல் தடவை அது எனக்கு வந்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

மே மாதத்தில் போகிறவர்களுக்கு வேறொரு விருந்து. வளர்வதற்காக ஓட்டைக் கழற்றிய நண்டின் உடல் சில மணி நேரத்துக்கு மென்மையாகவே இருக்கும். அந்தப் பக்குவத்தில் நீரிலிருந்து எடுத்து, மாவில் புரட்டிப் பொரித்து, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காலும் கொடுக்குமாக முழு நண்டையும் வைத்துத் தருவார்கள். ஓட்டோடு கடித்துச் சாப்பிடலாம். சூப்பில் இரண்டு வகை உண்டு, ஒன்று தக்காளியும் காய்களும் போட்டது, மற்றது பாலேடு சேர்த்தது. இரண்டையும் பாதிப்பாதி கலந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

விரிகுடாவின் கிழக்குக் கரையில், மேரிலாந்தின் தென்கோடியில் கிரிஸ்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். சிப்பி ஓடுகளைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில் எழுந்த ஊர். ஓர் அக்டோபர் மதியம் அங்கே துறையோரத்துச் சிறு கடையில் கேக் ஒன்று வாங்கினேன். கட்டிகள் துருத்திய, உள்ளங்கை அளவுக் கேக். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: நண்டு எங்கே பிடித்தது? பரிமாறிய அம்மாள் பேசவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே ஒருவர் படகிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார், கூடைகளின் இடுக்குகளில் நீலக் கொடுக்குகள் அசைந்தன. இன்னொரு கேக் கொடுங்கள் என்றேன்.

நன்றி, வணக்கம்.