காய்ச்சல் தொடங்கிய திகதி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதார ஆய்வுகூடமொன்றில் சிரேஷ்ட மூலக்கூற்று உயிரியலாளராக வேலை செய்கிறேன் என்று கலியாண வீட்டுப் பந்தியில் யாரிடமாவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் டி.என்.ஏ. பரிசோதனை பற்றித்தான் வரும். எந்தப் பிள்ளை யாருடையது என்று கண்டுபிடிக்கிற வேலை என்று தொலைக்காட்சித் தொடர்கள் நம் சனத்தைப் பழக்கிவிட்டன. காணி வழக்குக்கு உதவுமா என்று கேட்டவரும் உண்டு. அது எங்கள் வேலை அல்ல. காய்ச்சலோடு வந்தவரின் குருதியில் எந்த வைரஸ், எந்தப் பக்ரீரியா இருக்கிறது என்பதை அதன் மரபுப்பொருளைக் கொண்டு கண்டுபிடிப்பதே எங்கள் வேலை. மாரி நெருங்குகிறபடியால் அந்தக் காய்ச்சலைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கும் எங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விடுதியில் படுத்திருப்பவருக்கு இன்று என்ன செய்யவேண்டும் என்பதற்கு அங்கே விடை கிடைக்கும். எங்களிடம் கேட்கப்படுவது ஊரைப் பற்றிய கேள்வி. டெங்கு வைரசில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். பிறகு வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாவதற்கான வாய்ப்புக் கூடுதல். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த ஆண்டு பரவியதில் பெரும்பகுதி இரண்டாம் வகை. அதற்கு முந்திய பல ஆண்டுகளாக முதலாம் வகையே மேலோங்கியிருந்ததால், இரண்டாம் வகையைக் கண்டிராத உடல்கள் நாடு முழுவதும் இருந்தன. இப்படி வகை மாறுவதை முன்கூட்டியே கண்டு சொல்வதற்குத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்று தெரிந்தாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது. நான்கு வகைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: உடலில் நீர்ச்சமநிலையைக் கவனமாகப் பேணுவது. ஆகவே, பெறுபேறு வருவதற்குள் காய்ச்சலே மாறிவிட்டது, இவர்கள் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தங்கள் குருதியில் இரண்டு மில்லிலீற்றரை ஊருக்காகத் தந்திருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இனி ஆய்வுகூட வாசலுக்கு வருவோம். காலையில் வைத்தியசாலைகளிலிருந்து குளிர்ப் பெட்டிகள் வந்து சேரும். மூடியைத் திறந்தால் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே ஊதா மூடி போட்ட சிறு குழாய்கள் நிற்கும். மூடியின் நிறத்தை முதலில் பார்ப்போம். ஊதா என்றால் நல்லது. பச்சை மூடிக் குழாயில் இருக்கும், குருதியை உறையவிடாத ஹெப்பரின் எங்கள் பரிசோதனையையே முடக்கிவிடும். அடுத்து, குழாயோடு வந்த படிவத்தை எடுப்போம். பனிக்கட்டி உருகி மை பரவியிருக்கும். பெயர், வயது, விலாசம், விடுதி இலக்கம் எல்லாம் எப்படியோ வாசிக்கக்கூடியதாக இருக்கும். நடுவில் ஒரு கட்டம்: காய்ச்சல் தொடங்கிய திகதி. அந்தக் கட்டம் பல தடவைகளில் வெறுமையாக இருக்கும். அல்லது "3 நாள்" என்று எழுதியிருக்கும். எந்த நாளிலிருந்து மூன்று நாள்? வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்தா, குருதி எடுத்த நாளிலிருந்தா, படிவம் நிரப்பிய நாளிலிருந்தா? கோடிக்கணக்கில் பெறுமதியான இயந்திரங்களை வைத்துக்கொண்டு, அந்த ஒரு திகதிக்காக விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்போம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாள் என்று எண்ணுவது வைத்திய வழக்கம். டெங்கு வைரஸ் குருதியில் ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரையில் இருக்கும். வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை கைகொடுப்பது அதுவரைதான். என்.எஸ்.1 என்கிறார்களே, அந்த வைரஸ் புரதமும் முதல் சில நாள்களில்தான் தெளிவாகத் தெரியும். அதற்குப் பின்னர் வைரஸ் குறைந்து, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் கூடத் தொடங்கும், அப்போது அவற்றைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை செய்யவேண்டும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். பார்த்தாலும் இல்லை என்றுதான் வரும், எட்டாம் நாள் பி.சி.ஆர். பார்த்தாலும் இல்லை என்றுதான் வரும். இரண்டு "இல்லை"யும் நோயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆனால் கடதாசியில் முத்திரை குத்தி வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அது வேதவாக்கு.

இதில் உயிராபத்து இருக்கிறது. காசு கொடுத்து ஏழாம் நாள் என்.எஸ்.1 பரிசோதனை செய்கிறார்கள். இல்லை என்று வருகிறது. காய்ச்சலும் விட்டிருக்கிறது. சுகம் என்று எழுந்து வேலைக்குப் போகிறார்கள். டெங்கில் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். அந்த நேரத்தில் வைத்தியருக்குத் தேவைப்படுவது சாதாரணக் குருதிக் கல எண்ணிக்கை, நாடி, குருதி அழுத்தம், சலம் போகிற அளவு. நான் மூலக்கூற்று உயிரியல் படித்தவன். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கட்டத்தில் என்னுடைய பரிசோதனையைவிட விடுதித் தாதி எழுதிவைக்கும் அட்டவணை பெரிது.

எலிக்காய்ச்சலில் கணக்கு வேறு. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் குடாநாட்டின் வயல்களும் ஒழுங்கைகளும் வெள்ளத்தில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டிசம்பரில் காய்ச்சலோடு வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, இது என்ன புது நோய் என்று ஊர் நடுங்கியது. கடைசியில் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. புதிது எதுவும் இல்லை. லெப்ரோஸ்பைரா என்னும் அந்தப் பக்ரீரியா எலியின் சலத்தோடு வெளியேறி வெள்ளத்தில் கலக்கும். காலில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், உடலுக்குள் நுழைந்துவிடும். முதல் வாரத்தில் குருதியில் இருக்கும். பிறகு குருதியை விட்டுச் சிறுநீரகத்துக்குப் போய்விடும். பத்தாம் நாள் குருதியை எடுத்துப் பி.சி.ஆர். செய்தால், குடிபெயர்ந்த வீட்டின் கதவைத் தட்டின கதைதான். மாதிரி எடுக்க முதலே அன்ரிபயோற்றிக் கொடுத்திருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். அதற்காகப் பரிசோதனைக்குக் காத்திருந்து மருந்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் என்று வைத்தியருக்குச் சந்தேகம் வந்த உடனேயே மருந்து தொடங்கவேண்டும். எப்போது தொடங்கினார்கள் என்பதைப் படிவத்தில் எழுதினால் போதும்.

பி.சி.ஆர். என்ற சொல்லைக் கொரோனாக் காலத்தில் குழந்தைகளும் கற்றுக்கொண்டன. 2020 ஏப்ரலில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கொரோனாவுக்கான பரிசோதனை தொடங்கியதும் நினைவிருக்கும். உள்ளே நடப்பது இதுதான். டெங்கு வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்பதால் முதலில் அதை டி.என்.ஏ.யாக மாற்றிக்கொள்வோம். பிறகு 95 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரியும்; ஆற விட்டு, நாம் தேடுகிற பகுதியை மட்டும் நொதியம் ஒன்றைக் கொண்டு நகலெடுப்போம். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்காகும். கணக்கின்படி முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும், நாற்பது சுற்றில் ஓர் இலட்சம் கோடியைத் தாண்டும். அவ்வளவு சூட்டையும் தாங்குகிற நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் வாழும் பக்ரீரியாவிடமிருந்து கிடைத்தது. 1983இல் இந்த முறையை யோசித்த கேரி முல்லிசுக்கு 1993இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தப் பெருக்கம்தான் எங்கள் பலம், எங்கள் தலையிடியும் அதுதான். ஒரு குழாயைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி தெறித்தால், அதில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கும். அது அடுத்த நாள் வேறொருவரின் மாதிரிக்குள் விழுந்தால் அவருக்கும் நோய் இருப்பதாக இயந்திரம் சொல்லிவிடும். மிளகாய் அரைத்த அம்மியில் சந்தனம் அரைத்துப் பூசிப் பார்த்தவருக்கு இது விளங்கும். அதனால்தான் பரிசோதனைக்கான இரசாயனக் கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி சேர்க்க ஓர் அறை, பெருக்குவதற்கு ஓர் அறை. முதலாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குப் போகலாம். அன்றைக்கு அங்கிருந்து திரும்பி முதலாம் அறைக்குள் கால் வைக்கக்கூடாது. மேலங்கியைக்கூட அறைக்கு அறை மாற்றவேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது ஐயர் வீட்டு ஆசாரம் மாதிரித் தெரியும். கையுறை போடுவது கிருமி எங்களைத் தொற்றாமல் இருக்க என்றுதான் அவர்களும் நினைப்பார்கள். அது பாதிக் காரணம்தான். ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்கள் எங்கள் விரல் தோலிலேயே இருக்கின்றன. மாதிரியை எங்களிடமிருந்து காப்பாற்றவும் கையுறை வேண்டும்.

சிரேஷ்ட என்ற அடைமொழி இருப்பதால் கையொப்பம் இடுகிற பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெறுபேற்று வளைவுகள் திரையில் ஏறத் தொடங்கியதும் நோயாளரின் குழாய்களை நான் முதலில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயில் மாதிரிக்குப் பதிலாகத் தூய நீரை மட்டும் வைப்போம். அதன் கோடு கடைசிவரை தரையோடு தரையாகக் கிடக்கவேண்டும். அது மேலே எழும்பினால் எங்கோ மாசு கலந்துவிட்டது என்று அர்த்தம்; அன்றைய பெறுபேறுகள் எதையும் வெளியிடமாட்டோம். எல்லாவற்றையும் திரும்பச் செய்வோம். வைத்தியசாலையிலிருந்து எவ்வளவு பெரியவர் தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் அந்த நீர்க் குழாய் சொல்வதுதான் சட்டம்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் செய்வதில் தனிக் கஷ்டமும் உண்டு. 1900ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 2006 ஓகஸ்ற்றில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி போரால் மூடப்பட்ட பிறகு இருந்த நிலைமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனிதருக்கே வழியில்லாதபோது குருதிக் குழாய்க்கு ஏது வழி? 2022இல் நாடு முழுவதும் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். ஆர்.என்.ஏ. மாதிரிகளை மறை 80 பாகையில் வைத்திருக்கவேண்டும். மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடி அலைவது எந்த உயிரியல் பாடப்புத்தகத்திலும் இல்லாத பாடம்.

திகதிக்குத் திரும்புகிறேன். அதில் இன்னொரு பயன் இருக்கிறது. டெங்கு நுளம்பு கடித்து நான்கிலிருந்து பத்து நாள்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். தொடங்கிய நாள் சரியாகத் தெரிந்தால் பின்னோக்கி எண்ணி, அந்த நாள்களில் நோயாளி எங்கே இருந்தார் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு வந்த மறுநாளே காய்ச்சல் என்றால் கடித்தது அங்கத்தைய நுளம்பு. ஊரைவிட்டு வெளியே போகாத பாட்டிக்கு வந்தால் நுளம்பு நம் வளவில் இருக்கிறது. புகை அடிப்பதும் கிணற்றடியைச் சோதிப்பதும் எந்த ஒழுங்கையில் என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

நம் வளவு நுளம்புகள் லேசுப்பட்டவை அல்ல. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது உவர் நீரிலும் பெருகுவதை யாழ். பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2011இலேயே காட்டிவிட்டார்கள். கரையோரத்தில் கைவிட்ட படகையும் பாவனையற்ற கிணற்றையும் உப்புத் தண்ணீர்தானே என்று விட்டுவைக்க முடியாது. மலேரியாவும் அப்படித்தான். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, நகரங்களில் மலேரியாவைப் பரப்பக்கூடிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ். நகரிலும் கண்டார்கள். கிணறு அதற்குப் பிடித்த இடம். எங்களிடம் வீட்டுக்கு வீடு கிணறு.

ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் தொடங்கினால் நாட்காட்டியில் அந்த நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். திகதி நினைவில்லாத அம்மாமாரிடம் நான் வேறு மாதிரிக் கேட்பேன்: சூரன்போருக்கு முதல்நாளா, மறுநாளா? உடனே விடை வரும். அப்படிச் சொன்னாலும் போதும். உடம்பு உளைவு தொடங்கிய நாளை எண்ணவேண்டாம், காய்ச்சல் தொடங்கிய நாளைச் சொல்லுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வெள்ளத்தில் இறங்கினீர்களா, வயலில் நின்றீர்களா, வெளியூர் போய்வந்தீர்களா, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரைகளை நீங்களாக எடுக்கவேண்டாம். வயல் வேலைக்குப் போகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று. பெறுபேற்றைத் தொலைபேசியில் எங்களிடம் கேட்காதீர்கள். அது உங்கள் வைத்தியருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் போய்ச்சேரும். உங்களிடமே நேரடியாகச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. அப்படியிருக்க, உங்களுக்காகக் கேட்பதாகச் சொல்லி அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லமாட்டோம். நன்றி, வணக்கம்.